அந்தப் பாட்டில் பறையடித்தவர் யார்?

"இப்பல்லாம் யாரு சார் நெசமா வாசிக்கிறா? எல்லாம் கம்ப்யூட்டர்தான்."

தேநீர்க் கடை பெஞ்சில் தொடங்கி தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் நடுவர் நாற்காலி வரைக்கும் இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஆட்டோடியூன் போட்டால் யாரும் பாடகராகிவிடலாம், லூப் போட்டால் யாரும் இசையமைப்பாளராகிவிடலாம், உண்மையான இசைக்கலைஞனுக்கு மதிப்பே இல்லாமல் போய்விட்டது என்கிறார்கள். இந்தப் புலம்பலில் எங்களுக்குப் பாதி உடன்பாடு உண்டு. கையும் காதும் மூச்சும் சேர்ந்து உழைத்துப் பிறக்கிற இசைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை இழந்தால் இழப்பு எல்லோருக்கும்தான்.

ஆனால் "மதிப்பு போய்விட்டது" என்று சொல்கிறவர்களிடம் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மதிப்பு முதலில் யாருக்கு இருந்தது? வயலின் வாசித்தவர் வித்வான். மிருதங்கம் வாசித்தவர் வித்வான். பறை அடித்தவர்? அவர் "பறையடிக்கிறவன்". வாசிப்பது என்ற சொல்லைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை இந்தச் சமூகம். கலைஞன் என்று ஒருபோதும் கணக்கில் வராதவனின் கலை அழிந்தால், அதை அழிவு என்று யார் எழுதப் போகிறார்கள்?

எங்கள் தோழர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். வயது நாற்பதைத் தாண்டியவர். பதினோரு வயதில் அப்பாவுக்குப் பின்னால் நின்று அடிக்கத் தொடங்கியவர். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. போனார். பாட்டு எதையும் போட்டுக் காட்டவில்லை. காதில் ஹெட்போனை மாட்டினார்கள், க்ளிக் சத்தத்தை மட்டும் ஓடவிட்டார்கள். "இந்த வேகத்துக்கு அடிங்க. இப்ப கொஞ்சம் கூட்டி அடிங்க. இப்ப ஒத்தையடி மட்டும். இப்ப திருவிழாவுக்கு அடிக்கிற மாதிரி. இப்ப சாவுக்கு அடிக்கிற மாதிரி." இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடித்தார். கையில் பணம் கொடுத்தார்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. பெயரைக் கேட்டார்கள், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் கழித்து ஊரில் ஒரு கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடியது. கேட்ட மாத்திரத்தில் நின்றுவிட்டார். "என் சிம்புக்குச்சி நுனி அன்னைக்கு லேசாப் பிளந்து கெடந்துச்சு தோழர். அந்தப் பிசிறு அப்படியே கேக்குது" என்றார் எங்களிடம். பிறகு வேறொரு பாட்டிலும் அதே பிசிறு. அதற்கும் பிறகு ஒரு விளம்பரத்தில். விசாரிக்கப் போனவருக்குக் கிடைத்த பதில்: "அதான் அன்னைக்கே காசு குடுத்தாச்சே."

அவர்கள் கொடுத்தது ஒரு நாள் கூலி. எடுத்துக்கொண்டது முப்பது ஆண்டுக் கைப்பழக்கம். இந்தக் கணக்கைப் பார்க்காமல் "உண்மையான இசைக்கு மதிப்பில்லை" என்று பேசுவதில் எந்தப் பொருளும் இல்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். பறை பார்ப்பதற்கு எளிமையான கருவி. மரத்தில் ஒரு வட்டச் சட்டம், அதன் மேல் இழுத்து ஒட்டிய தோல். ஒரு கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்பு, மறு கையில் குட்டையான அடிக்குச்சி. தோல் குளிர்ந்தால் ஓசை தாழும், தீயில் காய்ச்சினால் ஏறும். எவ்வளவு நேரம் காய்ச்சுவது, தீயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எந்த நேரத்தில் திரும்பவும் தீ தேவைப்படும் என்பதெல்லாம் காதுக்குத் தெரிய வேண்டும். சுருதி சேர்க்க ஒரு ஆணி கிடையாது, திருகு கிடையாது. காதுதான் திருகு. மழைக்காலத்தில் ஒரு கணக்கு, சித்திரை வெயிலில் வேறு கணக்கு. நான்கு பேர் சேர்ந்து அடிக்கும்போது நான்கு பறையும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க வேண்டும், கால் ஆட வேண்டும், ஒருவர் கண்ணசைவில் எல்லோரும் அடியை மாற்ற வேண்டும்.

அடி என்றால் ஒரே அடியா? சாமிச்சாட்டுக்கு ஒன்று, சப்பரத்துக்கு ஒன்று, மருள் ஏற்றுவதற்கு ஒன்று, மாரடிப்புக்கு ஒன்று, வாழ்த்துவதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த மனநிலையில் நிற்கிற கூட்டத்துக்கு என்று அறிந்து அடிக்க வேண்டியது. கூட்டத்தின் மூச்சைக் கணித்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பவரை வேறு எந்தக் கருவிக்காரராக இருந்தாலும் மேதை என்பார்கள். இவரைக் "குத்து நல்லாப் போடுவாரு" என்கிறார்கள்.

இதைவிட ஆபத்தான பாராட்டு ஒன்று இருக்கிறது. "உங்க ஆளுங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்குங்க." சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். கேட்கிற நம் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் இந்தப் பாராட்டுக்குள் இருப்பது என்ன? பிறப்பால் வருகிறது தொழில் என்பதுதானே வர்ணத்தின் அடிப்படை? சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கி 1936-இலிருந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னவுடன் என்ன நடக்கிறது பாருங்கள். பதினோரு வயதிலிருந்து கை காய்த்துப் போன பயிற்சி காணாமல் போகிறது. அப்பாவிடம் வாங்கிய திட்டு காணாமல் போகிறது. பயிற்சி இல்லையென்றால் அது வித்தை இல்லை. வித்தை இல்லையென்றால் அதற்குச் சம்பளம் எதற்கு? தேனீக்குத் தேனெடுக்க யாராவது கூலி கொடுப்பார்களா?

எங்கள் ரத்தத்தில் இருப்பது எல்லோர் ரத்தத்திலும் இருப்பதுதான். கையில் இருப்பதுதான் நாங்கள் சம்பாதித்தது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கட்சி மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்த இளையராஜா, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையைப் படித்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழ்நாடு கேட்டது மண்ணின் மணத்தை மட்டுமல்ல, இரவும் பகலும் படித்த ஒருவரின் உழைப்பையும்தான். "மண்வாசனை" என்று சொல்லி அந்த உழைப்பை மறைப்பதும் ஒருவகைத் தீண்டாமைதான்.

அப்படியானால் எங்கள் சண்டை கணினியோடா? இல்லை. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கணினியை இசைக்குப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு தமிழ்த் திரையிசையின் ஓசையே மாறியது. அதற்குப் பிறகு வந்த மலிவான கணினிகளும் மென்பொருள்களும்தான், ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலைத் தாண்ட முடியாத நம் பிள்ளைகளை வீட்டு மூலையிலிருந்தே பாட்டுப் போட வைத்தன. அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு 2019-இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டதும், இன்றைக்கு வடசென்னைப் பையன்கள் கைப்பேசியில் கானா பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதும் இந்தத் தொழில்நுட்பம் இல்லாமல் நடந்திருக்காது. யாரிடமும் கைகட்டி நிற்காமல் இசை செய்ய வழி திறந்த எந்தக் கருவியையும் நாங்கள் பழிக்க மாட்டோம். ராப் பாடுவதும் வித்தைதான். தாளத்துக்குள் சொல்லை எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்பதும் ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் வரும்.

எங்கள் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. கணினி வாசித்த ஒலியாக இருந்தாலும், அந்தக் கணினிக்குள் முதலில் ஒருவர் வாசித்திருக்கிறார். லூப் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு மனிதனின் மணிக்கட்டிலிருந்து வந்தது. அந்த மனிதனின் பெயர் எங்கே?

இன்று வெளியாகிற எந்தத் "தரமான குத்து"ப் பாட்டையும் எடுத்து, யூடியூபில் அதன் கீழே இருக்கும் விவரங்களைப் படித்துப் பாருங்கள். இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர், புரோகிராமிங், மிக்சிங், மாஸ்டரிங், இசை மேற்பார்வை, விளம்பர வடிவமைப்பு என்று வரிசையாக இருக்கும். கிட்டார் வாசித்தவர் பெயர் பல நேரம் இருக்கும். பறை அடித்தவர் பெயர்? அரிதாக இருக்கும். பல நேரம் "ரிதம்" என்று ஒரு குழுவின் பெயரோடு முடிந்துவிடும். அதுவும் இல்லாமல் போவதே வழக்கம்.

பெயர் வராவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று கேட்கலாம். மனக்குறை மட்டுமில்லை இது. சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் ராயல்டி உரிமையைப் பறிக்க முடியாதபடி அது பாதுகாத்தது. பாடுகிறவர், வாசிக்கிறவர் போன்ற நிகழ்த்துநர்களுக்கும், அவர்கள் நிகழ்த்தியது வணிகத்துக்குப் பயன்பட்டால் ராயல்டி உண்டு என்று 38ஏ பிரிவு சொன்னது. அடுத்த ஆண்டே பாடகர்கள் தங்களுக்கென்று ஒரு உரிமைச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். நல்லது. நிகழ்த்துநர் யார் என்று சட்டம் தரும் விளக்கத்தில் நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டிகூட இருக்கிறார். அதுவும் நல்லது.

ஆனால் அதே திருத்தம் அந்த விளக்கத்தின் அடியில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது அல்லது துணைநிலையானது என்றும், தொழில்துறையின் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை என்றும் இருந்தால், அவரை நிகழ்த்துநராகக் கருத வேண்டியதில்லை. அவர் நிகழ்த்தியதைச் சிதைத்தால் எதிர்த்துக் கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும்.

இதை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். "தொழில்துறையின் வழக்கப்படி." பறையடிப்பவர் பெயரைப் போடாதது யாருடைய வழக்கம்? கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் கல்வெட்டிலும் அவர் பெயரைப் போடாத அதே ஊர் வழக்கம்தானே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் நுழைந்தது? ஊரில் அதற்குப் பெயர் சாதி. தொழில்துறைக்குள் வந்தவுடன் அது "பிராக்டிஸ்" ஆகிவிடுகிறது. எங்கள் தோழர் போன்ற ஒருவர் நாளை உரிமை கேட்டு நின்றால், "இவர் வாசித்தது துணைநிலைதான், இவர்கள் பெயரைப் போடுவது வழக்கமில்லை" என்று வாதாட எதிர்த்தரப்புக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அதனால்தான் சொல்கிறோம்: பெயர் என்பது மரியாதை மட்டுமல்ல, அது ஆவணம். பெயர் இருந்தால் பங்கு கேட்கலாம். பெயர் இல்லையென்றால் நீ அங்கே இருந்ததற்கே சாட்சி இல்லை.

பெயர் தெரிந்த கலைஞனுக்கே என்ன நடக்கிறது என்பதை 'என்ஜாய் எஞ்சாமி'யில் பார்த்தோம். 2021 மார்ச்சில் வந்த பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு அதை எழுதினார். தீயோடு சேர்ந்து பாடினார். உலகமே கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாட்டைச் சொல்லிப் படம் வந்தபோது அதில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் பொதுவெளியில் கேள்வி எழுப்பிய பிறகுதான் அறிவின் படத்தோடு இன்னொரு அட்டை வந்தது. 2022-இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு அங்கே இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் தரப்பட்டது. யார் எந்த அளவுக்கு அந்தப் பாட்டை உருவாக்கினார்கள் என்பதில் சம்பந்தப்பட்டவர்களுக்குள் வெவ்வேறு கூற்றுகள் உண்டு. அதில் தீர்ப்பு எழுத நாங்கள் இங்கே உட்காரவில்லை. 2024-இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கோடிக்கணக்கான பேர் கேட்ட பாட்டு. எழுதிப் பாடியவர் படித்தவர், பேசத் தெரிந்தவர், பின்னால் ஓர் இயக்கமே நின்றது. அவருக்கே இந்த நிலை என்றால், சிம்புக்குச்சி பிளந்திருந்ததை மட்டுமே ஆதாரமாக வைத்திருக்கிறவருக்கு என்ன நிலை?

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கதை அல்ல. கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து நாம் எப்போதும் கற்றிருக்கிறோம், இதிலும் கற்கலாம். 1969-இல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'ஆமென், பிரதர்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. அதன் நடுவில் டிரம்மர் கிரெகரி கோல்மன் தனியாக வாசிக்கும் ஓர் இடம் வருகிறது. ஏறத்தாழ ஆறு விநாடி. அந்த ஆறு விநாடியை வெட்டி எடுத்து ஹிப்ஹாப்பிலும் பிரிட்டனின் ஜங்கிள் இசையிலுமாக ஆயிரக்கணக்கான பாடல்களில் ஒட்டினார்கள். ஓர் இசை வகையே அந்த ஆறு விநாடி மேல் எழுந்து நிற்கிறது. கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி என்று எதுவும் வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்துபோனார். அந்த ஆறு விநாடியை இன்னொரு டிரம்மர் வாசித்தால் அது வராது என்பதால்தானே திரும்பத் திரும்ப அதையே வெட்டினார்கள்? அதுதான் உண்மையான இசைத்திறனின் மதிப்பு. எல்லோருக்கும் அது தேவைப்படுகிறது, விலை மட்டும் யாரும் கொடுப்பதில்லை.

இதுவரை அவர்களைக் கேட்டோம். இனி நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பறையோடு நமக்கு இருக்கும் உறவு சிக்கலானது. சாவு வீட்டில் அடி என்று ஊர் கட்டளையிட்டதால் அடித்த கருவி அது. கூலி கேட்டால் உதை விழுந்த கருவி. அதனால்தான் "இனி அடிக்க மாட்டோம்" என்று நம் முன்னோர் பல ஊர்களில் பறையைப் போட்டு உடைத்தார்கள், எரித்தார்கள். அந்த மறுப்பு ஒரு விடுதலைச் செயல். பிறகு அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையேற்றியதும் நம் இயக்கங்கள்தான். கே. ஏ. குணசேகரன் போன்றவர்கள் மக்கள் பாட்டைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோனார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடை ஏறியது. 2020 டிசம்பரில் மார்கழியில் மக்களிசை தொடங்கியது. 2025-இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை எல்லாம் சும்மா கிடைத்தவை அல்ல.

ஆனால் நம் மாநாட்டுக்கும் நினைவேந்தலுக்கும் பறைக்குழுவை அழைக்கிறபோது நாம் என்ன கொடுக்கிறோம்? மைக் செட்டுக்குப் பணம், பந்தலுக்குப் பணம், பிளெக்ஸுக்குப் பணம். பறைக்குழுவுக்கு? "தோழர்தானே, இயக்கத்துக்காக." பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்க அவர்கள் அடிக்க வேண்டும், பேச்சாளர் வந்தவுடன் பாதியில் நிறுத்த வேண்டும். துண்டறிக்கையில் பத்துப் பேச்சாளர்களின் பெயர் இருக்கும், கீழே "பறையிசை முழக்கத்துடன்" என்று ஒரு வரி இருக்கும். பெயர் இருக்காது. நாங்களும் இப்படிச் செய்திருக்கிறோம். எங்கள் தோழரின் கதையைக் கேட்டுக் கொதித்த அன்றுதான், போன ஆண்டு நாங்கள் அச்சடித்த துண்டறிக்கையில் அவர் பெயர் இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. வெட்கப்பட்டோம். இனி அச்சடிப்பதில் பெயர் இருக்கும், கையில் பணமும் இருக்கும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். மூன்று மாதம் பழகி, நெஞ்சில் பறையை மாட்டி, ரீல்ஸ் எடுத்துப் போடுவதில் தவறில்லை. அந்தப் பெருமிதம் நமக்குத் தேவை. ஆனால் அடையாளம் வேறு, வித்தை வேறு. நம் ஊரில் ஐம்பது ஆண்டு அடித்த கை ஒன்று திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அவரிடம் போய் உட்காருங்கள். எந்த அடி எதற்கு என்று கேளுங்கள். கேட்பதைப் பெயரோடும் ஊரோடும் தேதியோடும் பதிவு செய்யுங்கள். அவர் சொல்வது நம் பாடப்புத்தகம், அந்தப் பதிவு நம் ஆவணம்.

எங்கள் கோரிக்கைகள் எளிமையானவை. ஒரு பாட்டில் மனிதர் வாசித்த பறை இருந்தால் அவர் பெயர் அந்தப் பாட்டின் எல்லா வெளியீட்டிலும் வர வேண்டும். ஒரு பாட்டுக்கு வாசித்ததை இன்னொன்றுக்கு எடுத்தால் தனியாகப் பணம் தர வேண்டும், அதை வாசிப்பதற்கு முன்பே தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒப்பாரியையும் தாலாட்டையும் எடுத்து மெட்டமைக்கிறவர்கள் அதை எந்த ஊரில் யாரிடம் கேட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உறுப்பினர் அட்டை கொடுப்பதோடு நில்லாமல், இந்த ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்லவும் உரிமை கேட்டு வழக்காடவும் சட்ட உதவி தர வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் அந்த "வழக்கப்படி" என்ற சொல் நீக்கப்பட வேண்டும்.

உண்மையான இசை செத்துவிட்டது என்று அழுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். அது சாகவில்லை. நீங்கள் ஆடுகிற ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் பெயரில்லாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஒரு பாட்டு உங்கள் காலை ஆட வைத்தால், ஆடுங்கள். ஆடி முடித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பாட்டில் பறையடித்தவர் யார்?

பதில் வரும்வரை கேட்போம்.

ஜெய் பீம்.